துண்டுக்கடியில் விலை

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் மதுரைக்காரர்களின் போனுக்கு ஒரு செய்தி வந்து சேரும். அனுப்புகிற ஆள் மாறுவார், தொகை மாறும், வாசகம் பெரிதாக மாறாது. “மக்களே, ஊருக்கு பஸ் புக் பண்றவங்க இந்தக் கோடு போட்டுக்கங்க. 250 ரூவா கம்மியாகுது. நான் போட்டேன், வேலை செய்யுது. தேவைப்படுறவங்களுக்கு ஷேர் பண்ணுங்க.” கீழே எட்டு எழுத்தில் ஒரு கூப்பன் கோடு. அதற்கும் கீழே கும்பிட்ட கைகள்.

இதையெல்லாம் இலக்கிய இதழில் வைத்துப் பேசணுமா என்று கேட்கலாம். பண்டிகை வாரத்தில் நம்மில் பலர் எழுத்துப் பிசகாமல் வாசிக்கிற தமிழ் உரைநடை இதுதான். ஒரு எழுத்து தப்பினால் 250 ரூபாய் போச்சு. இதில் கதைசொல்லி இருக்கிறார், கேட்பவர்கள் இருக்கிறார்கள், சொல்லாமல் விட்டதும் இருக்கிறது. விமர்சனத்துக்கு வேறென்ன வேண்டும்?

“மக்களே” என்ற விளி, முன்பின் தெரியாத இருநூறு பேரை ஒரே வீட்டு ஆட்களாக்கி விடுகிறது. “நான் போட்டேன், வேலை செய்யுது” என்பது சாட்சியம். எந்த விளம்பரத்துக்கும் கிடைக்காத நம்பிக்கை அதற்குக் கிடைக்கும். “தேவைப்படுறவங்களுக்கு” என்று சேர்த்ததும் தொனி மாறுகிறது. சித்திரைத் திருவிழாவில் பந்தல் போட்டு நீர்மோர் ஊற்றுகிறவரின் குரல் அது. எல்லாம் சரி. வரவேண்டிய ஒரு வரி மட்டும் வரவில்லை: “நீங்க இதப் போட்டா எனக்கும் நூறு ரூவா வரும்.”

எல்லாக் கூப்பனும் அப்படி இல்லை. ஆப்பின் முகப்பிலேயே போட்டிருக்கும் பொதுக் கூப்பனை எடுத்துச் சொல்வது, ரேஷன் கடைல பருப்பு வந்துருச்சு என்று தெருவில் சொல்லிவிட்டுப் போவது மாதிரி. சொல்கிறவருக்கு ஆதாயம் இல்லை, கேட்கிறவருக்குச் சங்கடம் இல்லை. ஆனால் முதல் நாலு எழுத்து அனுப்பியவரின் பெயரைப் போலவே இருந்து, பின்னால் நாலு எண் ஒட்டியிருந்தால் அது பரிந்துரைக் கோடு, ரெஃபரல். அதை நீங்கள் போட்டால் உங்களுக்குக் கொஞ்சம், அவருக்குக் கொஞ்சம். (கோடு என்ற இந்தச் சொல்லுக்கு வேற்றுமை உருபு சேர்ப்பது பெரும்பாடு. ‘கோடை’ என்றால் வெயில் அடிக்கிறது, ‘கோட்டை’ என்றால் மதில் எழும்பிவிடுகிறது. அதனால் கூப்பன் என்றே வைத்துக்கொள்கிறேன்.)

காசு வாங்குவது தப்பு என்று நான் சொல்லவில்லை. மாட்டுத்தாவணியில் ஆம்னி பஸ் நிற்கிற பக்கம் ராத்திரி எட்டு மணிக்கு மேல் பையோடு போய் நின்று பாருங்கள். நிற்பதற்குள் ஒருவர் வந்துவிடுவார். “அண்ணே, சென்னையா? ஏசி சிலீப்பர், லோயர் ஒண்ணுதான் இருக்கு, இப்ப எடுத்துருவாய்ங்க.” அவர் பஸ் முதலாளி இல்லை. ஆளைக் கொண்டுபோய் ஏற்றினால் சீட்டுக்கு இவ்வளவு என்று அவருக்கு உண்டு. அது உங்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். அதனால்தான் அவர் ஆயிரத்து இருநூறு என்றால் நீங்கள் தொள்ளாயிரம் என்கிறீர்கள். அவர் கூப்பிடும் “அண்ணே”வை யாரும் ரத்த உறவு என்று எடுத்துக்கொள்வதில்லை. அது பேரத்தின் முதல் சொல், அவ்வளவுதான். குழுச் செய்தியில் வரும் “மக்களே” அப்படி இல்லை. அது உறவாகவே எடுத்துக்கொள்ளச் சொல்கிறது.

தரகு ஒரு தொழில். மதுரையில் வாழ்ந்து எழுதிய ஜி. நாகராஜனின் ‘நாளை மற்றுமொரு நாளே’ (1974) நாவலில், கந்தன் எதில் காசு பார்க்கிறான் என்பது மறைக்கப்படுவதில்லை. கந்தனை நாம் நேராகப் பார்க்க முடிவதற்கு அது ஒரு காரணம். குழுச் செய்தியின் கதைசொல்லிக்குத் தரகராகவும் இருக்கவேண்டும், நீர்மோர்ப் பந்தல் போட்டவர் என்ற பெயரும் வேண்டும்.

இதைச் சொன்னால் ஒரு பதில் வரும். “அவனுக்கும் லாபம், எனக்கும் லாபம். நம்ம ஊர் மொய் மாதிரிதானே?” நல்ல பதில். சும்மா தள்ளிவிட்டுப் போகக்கூடாது.

உசிலம்பட்டி, திருமங்கலம், மேலூர் பக்கமெல்லாம் மொய் வெறும் அன்பளிப்பு அல்ல. செய்முறை என்பார்கள். உன் வீட்டுக் காதுகுத்துக்கு நான் ஐயாயிரம் செய்தால், என் வீட்டு விசேஷத்தில் நீ அதைத் திருப்பிச் செய்யணும், முடிந்தால் மேலே கொஞ்சம் வைத்து. நோட்டில் பெயரும் ஊரும் தொகையும் ஏறும். இப்போது கம்ப்யூட்டரில் ஏற்றி ரசீதே கொடுத்துவிடுகிறார்கள். புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் ஆடி மாதத்தில் மொய் விருந்து என்றே வைத்துப் பணம் திரட்டுவது எல்லோருக்கும் தெரிந்தது. மார்செல் மோஸ் என்ற பிரெஞ்சு அறிஞர் 1925ல் கொடையைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். பசிபிக் தீவுகளிலும் வட அமெரிக்கப் பழங்குடிகளிடமும் அவர் கண்டது இது: சும்மா கொடுப்பது என்று ஒன்று இல்லை. கொடுத்தாகணும், வாங்கியாகணும், திருப்பியாகணும். உசிலம்பட்டிக்காரர் ஒருவர் அதைப் படித்திருந்தால் ‘ஆமா, அதுக்கென்ன?’ என்று கேட்டிருப்பார்.

ஆகவே கொடுக்கல் வாங்கலில் கணக்கு இருப்பதே அசிங்கம் என்று சொல்ல நமக்கு யோக்கியதை கிடையாது. ஆனால் மொய்யில் ஒரு மைக் இருக்கிறது. இன்னார், இன்ன ஊர், ஐந்நூற்றி ஒன்று என்று பந்தலில் வாசிப்பார்கள், தெருக்கோடி வரைக்கும் கேட்கும். யார் யாருக்குச் செய்தார், நாளைக்கு யார் யாரிடம் எதிர்பார்ப்பார் என்பது ஊருக்கே தெரியும். பாசமும் கணக்கும் ஒரே பந்தியில் உட்காரும், ஒன்றை ஒன்று மறைக்காது.

அந்த மைக்கை நான் புனிதமாக்கவும் இல்லை. நூற்றி ஒன்று வைத்தவர் அது வாசிக்கப்படும் நேரத்தில் இலையை விட்டு நிமிராமல் சாப்பிட்டதும், செய்முறைக்கு வட்டிக்கு வாங்கி ஓய்ந்துபோன குடும்பங்களும் இந்த ஊர்ப்பக்கம் உண்டு. வெளிப்படை என்பது எப்போதும் இதமாக இருக்காது.

இன்னொரு வித்தியாசம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. மொய் வைக்கிறவர் வைப்பது தன் சொந்தப் பணம். பரிந்துரைக் கூப்பன் அனுப்புகிறவர் தன் சட்டைப்பையிலிருந்து பத்துப் பைசா எடுப்பதில்லை. அவர் எடுத்துக் கொடுப்பது குழுவிலிருப்பவர்கள் அவர்மேல் வைத்த நம்பிக்கையை. கம்பெனிக்கு ஒரு புது வாடிக்கையாளர், ஒரு போன் எண். அதற்குக் கம்பெனி இரண்டு பேருக்கும் ஆளுக்குக் கொஞ்சம் தருகிறது. ‘மாப்ளை சொன்னான், போட்டேன்’ என்கிற அந்த ‘மாப்ளை’தான் இங்கே விற்ற சரக்கு.

எனக்கு இதில் மொய் நோட்டைவிட மாட்டுச் சந்தைதான் நினைவுக்கு வருகிறது. மாட்டுத்தாவணி என்ற பெயரில் வரும் தாவணிக்குச் சந்தை என்று பொருள். மாட்டுச் சந்தையில் விலையை வாயால் பேசமாட்டார்கள். தரகர் கையில் துண்டைப் போட்டு மூடிக்கொள்வார். அடியில் விரலைப் பிடித்துப் பேரம் நடக்கும். சுற்றி நிற்பவர்களுக்கு மாடு தெரியும், விற்கிறவர் தெரியும், வாங்குகிறவர் தெரியும், விலை மட்டும் தெரியாது. ஒவ்வொரு மாடும் ஒவ்வொரு ரகம். பல் வேறு, சுழி வேறு. ஆகவே அந்தத் துண்டுக்காவது ஒரு நியாயம் சொல்லலாம். ஒரே பஸ், ஒரே ராத்திரி, ஒரே மாதிரி முப்பது படுக்கை. இதற்குத் துண்டு எதற்கு?

சட்டம் இதைக் கொஞ்சம் பார்த்திருக்கிறது. இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் 2021 ஜூனில், சமூக ஊடகத்தில் செல்வாக்குள்ளவர்கள் காசு வாங்கியோ இலவசமாக எதையாவது பெற்றோ ஒன்றைப் பரிந்துரைத்தால் அதை விளம்பரம் என்று சொல்லியாகணும் என்ற விதியைக் கொண்டுவந்தது. 2023 ஜனவரியில் ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறையும் அதையே வழிகாட்டுதலாக வெளியிட்டது. பணம் மட்டுமல்ல, இலவசப் பயணம், தங்கும் அறை, தள்ளுபடி எல்லாமே அதில் ஆதாயம்தான். 2019ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம், திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை. கொடைக்கானல் ரிசார்ட்டில் படுத்துக்கொண்டு ‘என் கோடு போட்டா பத்து பர்சன்ட் கம்மி’ என்று ரீல் போடுகிறவருக்கு இது பொருந்தும். இருநூறு பேர் குழுவில் இருக்கும் ஒரு கணக்கரை, ஐடி ஊழியரை யாரும் நோட்டீஸ் அனுப்பித் தேடப்போவதில்லை. தேடவும் வேண்டாம். ஒரு வரி சேர்த்தால் போதும்: ‘எனக்கும் நூறு வரும்’. அதைச் சொன்னால் யாரும் போடமாட்டார்கள் என்று பயப்படுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மாட்டுத்தாவணித் தரகருக்கு இன்றைக்கும் ஆள் கிடைக்கத்தான் செய்கிறது.

இன்னொரு வகைக் கூப்பன் இருக்கிறது. அனுப்புகிறவருக்கு அதில் ஒரு பைசா ஆதாயம் கிடையாது, ஆனால் அது அவருடையதும் அல்ல. ஒரு நிறுவனம் தன் ஊழியர்களுக்கென்று வாங்கிவைத்த ஓட்டல் கட்டணம். மாணவர்கள், ராணுவத்தினர், செவிலியர்களுக்கென்று சில விமான நிறுவனங்கள் வைத்த கட்டணம். “மாணவர்னு போட்டுக்கங்க, ஐடியெல்லாம் கேக்க மாட்டாய்ங்க” என்று ஒரு அறிவுரையோடு அது குழுவுக்கு வரும். கேட்டால், “கம்பெனிக்காரன் காசுதானே? தீபாவளிக்கு அவன் அடிக்காத கொள்ளையா?”

இந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆம்னி பஸ்ஸுக்கு அரசு கட்டணம் நிர்ணயிப்பதில்லை. சாதாரண நாளில் ஒரு விலை, பண்டிகைக்கு முந்தின நாள் அதே படுக்கைக்கு இரண்டு பங்கு, மூன்று பங்கு. அதிகக் கட்டணம் வாங்கினால் நடவடிக்கை என்று போக்குவரத்துத் துறையும் வருஷம் தவறாமல் அறிக்கை விடும். ஆனால் மாணவர் கூப்பனைப் போடுகிறவர் அந்த பஸ் முதலாளியைப் பழிவாங்கவில்லை. கவுன்ட்டரில் அடையாள அட்டை கேட்டு, “நீ யாருடி கேக்குறதுக்கு” என்கிற பேச்சை வாங்குவது ஒப்பந்தச் சம்பளத்தில் நிற்கும் ஒரு பொண்ணு. பொய்க்கணக்கு கூடினால் சலுகையையே தூக்கிவிடுவார்கள். அப்போது இழப்பது நிஜமாகவே மாணவராக இருந்தவர். பஸ் முதலாளிக்கு இதில் ஒரு கீறலும் விழவில்லை.

இதற்கு நேர் எதிர்ப்பக்கமும் உண்டு. “வெளிய ஷேர் பண்ணாதீங்க, கட் பண்ணிருவாய்ங்க.” விமானப் பயணிகளின் குழுக்களில் இது உலகம் முழுக்க எழுதாத விதி. ஏதோ கணினித் தவறால் ஐம்பதாயிரம் ரூபாய் டிக்கெட் ஐயாயிரத்துக்கு வந்துவிட்டால், நிறுவனத்துக்குப் போன் போட்டு விசாரிக்காதே, அவர்கள் விழித்துக்கொள்வார்கள். இதற்கும் பகிர்வு என்றே பெயர். ஆனால் இங்கே பகிர்வு என்பது வேலி. உள்ளே இருக்கிறவர்கள் மாப்ளைகள், வெளியே இருக்கிறவர்கள் முழுக் காசு கொடுக்கிறவர்கள்.

அந்த வெளியே நிற்கிறவரைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. அவர் உசிலம்பட்டியிலிருந்தோ கொட்டாம்பட்டியிலிருந்தோ ஒரு கட்டைப்பையோடு மாட்டுத்தாவணிக்கு வந்து இறங்குகிறார். சென்னையில் மகளுக்குப் பிரசவம், இன்றைக்கே போகணும். போன் இருக்கிறது, ஆப் இல்லை. சொன்ன விலையைக் கொடுத்து ஏறுகிறார். பக்கத்துப் படுக்கையில் இருப்பவர் 250 கம்மியாகக் கொடுத்திருக்கிறார். அந்த 250 வானத்திலிருந்து விழவில்லை. ஆப்பின் விளம்பரச் செலவோ பஸ் முதலாளி விட்டுக்கொடுத்ததோ, எதுவானாலும் கடைசியில் முழு விலையை உயர்த்தி வைத்தால்தான் அதிலிருந்து வெட்டிக் கொடுக்க முடியும். முழு விலையைக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும். தெரியாதவர்தான் அந்த ஆள்.

அரசு பஸ்ஸில் இந்தப் பேச்சே வராது. ஸ்டேஜுக்கு இவ்வளவு என்று கட்டணம் உண்டு. உங்களுக்கும் பக்கத்தில் இருப்பவருக்கும் ஒரே சீட்டு. ‘உங்களுக்கு எவ்வளவு போட்டாய்ங்க?’ என்று பெரியவர்கள் கேட்பார்கள். கண்டக்டர் தப்பாகக் கிழித்திருந்தால் அப்போதே சத்தம் கிளம்பும். சிலீப்பரில் திரையை இழுத்துவிட்டுப் படுத்தபின் யாரும் யாரிடமும் கேட்பதில்லை. கேட்டால் நாகரிகமில்லாத கேள்வி.

இங்கே ஒரு விசித்திரம். 2005 தீபாவளிக்குப் பெங்களூரிலிருந்து ஹைதராபாத் போக பஸ் டிக்கெட் கிடைக்காமல் அலைந்த பணீந்திர சாமா, நண்பர்களோடு 2006ல் தொடங்கியதுதான் ரெட்பஸ். ஏஜென்ட் ஒவ்வொருவர் நோட்டிலும் சில சீட்டுகள் அடைந்து கிடந்த காலம் அது. அடுத்தவர் நோட்டில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இணைய முன்பதிவு அந்த நோட்டுகளைத் திறந்து எல்லாச் சீட்டையும் எல்லோர் கண்ணிலும் காட்டியது. அது பெரிய விஷயம், குறைத்துச் சொல்லமாட்டேன். சீட்டு வெளிச்சத்துக்கு வந்தது. விலைதான் மெதுவாகத் துண்டுக்கடியில் போய்விட்டது. அடித்துக் காட்டிய விலை, குறைத்த விலை, கூப்பன் விலை, குறிப்பிட்ட வங்கி அட்டைக்கு ஒரு விலை. இதில் பஸ்ஸின் விலை எது?

சொற்களையும் கொஞ்சம் கவனிக்கணும். இலங்கைத் தமிழர்கள் விலைக்கழிவு என்கிறார்கள், கணக்குப் புத்தகச் சொல், சொரணையான சொல். நாம் தள்ளுபடி என்கிறோம், அதில் கடனும் வழக்கும்கூடத் தள்ளுபடியாகும். சலுகை என்றால் மேலே இருப்பவர் மனமிரங்கிக் கொடுப்பது. ஆஃபர் என்று சொல்லிவிட்டால் யாரும் யாருக்கும் கடன்பட்டதாகத் தெரியாது, அதனால்தான் அந்தச் சொல் இவ்வளவு ஓடுகிறது. இந்த வரிசையில் கடைசியாக ஒன்று உண்டு: ஓசி.

2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. விடியல் பயணம். பெரியார் நிலையத்திலிருந்தும் ஆரப்பாளையத்திலிருந்தும் காய்கறிக் கூடையோடும் டிபன் பாக்ஸோடும் ஏறுகிற பெண்களைக் கேளுங்கள், மாதம் எவ்வளவு மிஞ்சுகிறது என்று கணக்காகச் சொல்வார்கள். அந்தக் கட்டணத்தை யார் கொடுக்கிறார்கள் என்பதில் ரகசியமே இல்லை. கண்டக்டர் கட்டணமில்லாச் சீட்டு கொடுக்கிறார், அரசு போக்குவரத்துக் கழகங்களுக்கு ஈடு செய்கிறது, பட்ஜெட்டில் தொகை வருகிறது, சட்டமன்றத்தில் விவாதம் நடக்கிறது. மொய் மைக்கில் வாசிப்பதற்கு நம்மிடம் இருப்பதிலேயே நெருக்கமான ஏற்பாடு இது. அதைத்தான் 2022ல் ஒரு அமைச்சர் மேடையில் ‘ஓசி’ என்றார், பிறகு வருத்தமும் தெரிவித்தார். மேடைக்கு வராமல் அந்தச் சொல்லை பஸ்ஸுக்குள்ளேயே சொல்கிறவர்களும் உண்டு. 250 ரூபாய்க் கூப்பன் போட்டு ஏசி சிலீப்பரில் போகிறவரை யாராவது ஓசி என்று சொல்லக் கேட்டிருக்கிறீர்களா? அவருக்கு விவரமானவர் என்று பெயர்.

கூப்பன் பகிர்வதால் நடக்கும் பெரிய கெடுதலாக நான் நினைப்பது நூறு ரூபாய் கமிஷன் அல்ல. விலை என்பதை நாம் எல்லோரும் சேர்ந்து கேட்கவேண்டிய விஷயமாக நினைப்பதே போய்விட்டது. அவரவர் தனியாகத் தப்பித்துக்கொள்ள வேண்டியது, முடிந்தால் தெரிந்தவர் நாலு பேரையும் கையோடு தப்ப வைக்க வேண்டியது. அந்த நாலு பேருக்குச் செய்கிற உதவி உண்மையான உதவிதான். அது போதும் என்று இருந்துவிடுகிறோம் என்பதுதான் என் வருத்தம்.

ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 மார்ச் 20 வரைக்கும் பாண்டியனிலோ வைகையிலோ டிக்கெட் எடுக்கும்போது வயதைப் போட்டால் போதும். 60 வயதான ஆண்களுக்கு 40 சதவீதம், 58 வயதான பெண்களுக்கு 50 சதவீதம் குறைவு. எட்டு எழுத்தும் கிடையாது, முதல் ஐந்நூறு பேருக்கு மட்டும் என்ற கணக்கும் கிடையாது. யாரும் யாருக்கும் பகிரத் தேவையில்லாத கூப்பன், வயசு. கொரோனாவைச் சொல்லி அதை நிறுத்தினார்கள், திரும்பத் தரவில்லை. நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்டார்கள். ஒவ்வொரு பயணிக்கும் சராசரியாக 46 சதவீதம் ஏற்கெனவே சலுகைதான் என்று ரயில்வே அமைச்சர் பதில் சொன்னார். அந்தப் பதில் சரியா தப்பா என்று சண்டை போடலாம். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்ன பதில் என்பதால் போட முடிகிறது.

இப்போது ஒரு பேரன் தாத்தாவுக்கும் பாட்டிக்கும் மதுரையிலிருந்து எழும்பூருக்கு டிக்கெட் போடுகிறான். பணம் கட்டும் பக்கத்தில் நின்றுகொண்டு, 75 ரூபாய் கேஷ்பேக் வரும் கூப்பன் ஏதாவது இருக்கா என்று குழுவில் கேட்கிறான். இரண்டு நிமிஷத்தில் ஆறு பேர் அனுப்புகிறார்கள்.